உழவாரமும் குடமுழுக்கும்

பழங்கோயில்களையும் செப்புத் திருமேனிகளையும் சுவரோவியங்களையும் ஏட்டுச்சுவடிகளையும் சிதையாமல் காக்கும் பணியை வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்துகொள்பவரைப் பேணுநர் என்று குறிப்பிடலாம். தஞ்சாவூரிலும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையிலும் இத்தொழிலுக்கு வருபவர், வேதியியலும் கட்டடக்கலையும் கற்பதற்கு முன்பாகவே விடை தேடிக்கொள்ள வேண்டிய சமயக் கேள்வி ஒன்று உண்டு. கல்லும் செம்பும் சுண்ணமும் அழியக்கூடியவை, அவற்றில் எழுந்தருளும் தெய்வமோ அழிவற்றது என்று நம்பும் ஒரு சமூகத்தில், அழியும் பொருளின் மீது இத்தனை கருத்தைச் செலுத்துவது எதன்பொருட்டு என்பதே அது. அருங்காட்சியகத்தில் இக்கேள்வி எழுவதில்லை, ஏனெனில் அங்கே பொருள்தான் எல்லாம். நாள்தோறும் விளக்கேற்றித் திருமுழுக்காட்டும் கோயிலில், அதே பொருள் வழிபாட்டின் கருவியாகவும் வரலாற்றின் சான்றாகவும் ஒரே நேரத்தில் இருப்பதால், அதனைத் தொடும் ஒவ்வொரு கையும் எதன் சார்பில் தொடுகிறது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆகம மரபு பழுதடைந்தவற்றைப் புதுப்பிப்பதற்கென்றே தனி விதிகளை வகுத்துள்ளது. சீர்ணோத்தாரணம் எனப்படும் இவ்விதிகளின்படி, கோயிலோ திருமேனியோ பழுதுற்றால், முதலில் அதில் நிலைபெற்றிருக்கும் தெய்வ ஆற்றலை மந்திரத்தால் வாங்கிக் குடத்து நீரில் ஏற்றுகின்றனர். இச்செயலுக்குக் கலாகர்ஷணம் என்று பெயர். பின்னர் அவ்வாற்றல் அத்திமரப் பலகையில் வரைந்த உருவத்தில் அமர்த்தப்பட்டு, பாலாலயம் என்னும் தற்காலிகச் சிறுகோயிலில் வழிபாடு தொடர்கிறது. திருப்பணி முடிந்ததும் ஆற்றல் மீண்டும் குடத்திற்கு வந்து, அக்குடநீர் விமானக் கலசத்திலும் திருமேனியிலும் வார்க்கப்படும்போது கோயில் புத்துயிர் பெறுகிறது. குடமுழுக்கு என்பது இதுவே. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது பொதுவழக்கு. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் 1997-க்குப் பின் 2020 பிப்ரவரி 5-ஆம் நாள்தான் அது நிகழ்ந்தது.

இவ்வரிசையில் பேணுநரின் கண்ணில் முதலில் படவேண்டியது, ஆற்றல் பலகைக்கு மாறிய பின் கருவறையில் எஞ்சியிருப்பது வெறும் கல் என்று மரபே ஒப்புக்கொள்வதாகும். தீக்கை பெற்ற சிவாசாரியர் அன்றிப் பிறர் தீண்டலாகாத திருமேனியை, உளியும் கயிறும் ஏந்திய ஸ்தபதியும் பணியாளரும் தொடுவதற்கு இசைவு கிடைப்பது அந்த இடைக்காலத்தில்தான். யார் தொடலாம் என்ற கேள்விக்குச் சடங்கே ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. பேணுநர் அவ்வாயிலை அறிந்துகொண்டால் பாதிச் சச்சரவு தீரும்.

பீடத்தோடு திருமேனியைப் பொருத்தும் அட்டபந்தனம் இன்னும் நுட்பமானது. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமைவெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்து, மெழுகைப் போல் இளகிய பதத்தில் பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையிலான சந்தில் வைத்து அடைக்கிறார்கள். நாளடைவில் இது இறுகி, வெடித்து, உதிரத் தொடங்குகிறது. அப்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைச் சாத்துகிறார்கள். கல்லின் ஆயுளோடு போட்டியிடாத, கல்லுக்கு ஊறு செய்யாமல் நீக்கத்தக்க பொருளால் கல்லை இணைக்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. இருபதாம் நூற்றாண்டின் பாதுகாப்புக் கோட்பாட்டாளர்கள், இன்று செய்ததை நாளை கழற்றி எடுக்க முடிய வேண்டும் என்று விதித்தபோது, தங்களுக்குப் புதிதாகத் தோன்றிய ஒன்றையே சொன்னார்கள். காவிரிக் கரையின் சிவாசாரியரும் ஸ்தபதியும் அதனைக் கோட்பாடாக எழுதவில்லையே தவிர, தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்துவந்திருக்கிறார்கள்.

புதுப்பித்தலில் எது போகலாம், எது இருக்க வேண்டும் என்பதற்கு மரபு ஒரே விடையைத் தந்ததில்லை. கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவி, பத்தாம் நூற்றாண்டில் படுகையின் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டியவர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருக்கோடிக்காவில் அவர் திருப்பணி செய்தபோது, பழைய கட்டடத்தின் கற்களில் வெட்டப்பட்டிருந்த கொடைச் சாசனங்கள் புதிய சுவரில் படியெடுத்து வெட்டப்பட்டன. அவ்வாறு வெட்டியவை பழங்கற்படி என்றும் அக்கல்வெட்டுகளிலேயே குறிக்கப்பட்டன. கல் போயிற்று, சொல் நின்றது. இன்றைய கல்வெட்டாய்வாளர் மூலக்கல் போனதற்கு வருந்துவது இயல்பே. எழுத்தின் வடிவும் உளிபட்ட விதமும் படியில் வாரா. ஆயினும் அந்த அரசியின் பணியில் ஒரு நேர்மை இருக்கிறது. படியை மூலம்போல் காட்டிக்கொள்ள அங்கு யாரும் முயலவில்லை. 1964-இல் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக்கலை வல்லுநர்கள், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்த பகுதி புதியதென்று தெரியவேண்டும் என்றும் தீர்மானித்த சாசனம் உலகமெங்கும் பேணுநரின் அடிப்படை நூலாயிற்று. திருக்கோடிக்காவில் அத்தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் இருந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. ஓலைச்சுவடிகள் பழுதுற்றால் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது தமிழகத்து வழக்கமாக இருந்தது. பெயர்த்தெழுதும் கை ஓய்ந்த பின்னும் ஆற்றில் விடும் கை ஓயவில்லை என்பதே நிகழ்ந்த கேடு. பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தில் 1855-இல் பிறந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்து, சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தென்பாண்டி நாட்டுக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிச் சென்றபோது, அங்கிருந்த பழஞ்சுவடிகள் ஆகம விதி என்ற பெயரால் நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டன என்று கோயிலைச் சார்ந்தவர் சொல்லக் கேட்டுத் திகைத்ததை எழுதியிருக்கிறார். புதுப்பிக்கும் மரபு, தன் இன்னொரு பாதியான படியெடுக்கும் கடமையை இழந்தால், பக்தியோடு அழிக்கும் மரபாக மாறிவிடும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இன்றிருக்கும் சுவடிகள், இரண்டாம் சரபோஜி உள்ளிட்ட அரசர்கள் திரட்டியதாலும் எழுதுவித்ததாலும் எஞ்சியவை என்பதை எண்ணினால், எஞ்சாமல் போனவற்றின் அளவை ஓரளவு ஊகிக்கலாம்.

சுவடியை வேள்வித் தீயில் இட்டவர்களின் உள்ளத்தில் இருந்த எண்ணம், பொருள் வெறும் உறை, உள்ளிருப்பது போதும் என்பதாக இருந்திருக்க வேண்டும். சைவ சித்தாந்தம் இதனை ஒப்புக்கொள்ளுமா என்பது ஆராயத்தக்கது. உலகம் பொய்த்தோற்றம் என்று கொள்ளும் தத்துவங்களுக்குப் பொருளைப் பேணுவதில் ஆர்வமில்லாமல் போகலாம். அது அவற்றின் உள்முரணற்ற நிலைப்பாடு. சித்தாந்தமோ, உலகின் முதற்காரணமாகிய மாயையை உள்பொருள் என்று கொள்கிறது. உடலும் உலகும் கல்லும் செம்பும் மாயையிலிருந்து தோன்றிய காரியங்கள். அவை பொய்யல்ல, உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கூட்டுவிக்கும் கருவிகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் இறுதியான பன்னிரண்டாம் சூத்திரம், அடியாரின் திருவேடத்தோடு ஆலயத்தையும் சிவனெனவே தொழுமாறு கூறுகிறது. ஆலயத்தில் உறையும் ஒன்றை மட்டுமன்றி, ஆலயத்தையே தொழச் சொல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. அருளின் கருவியாகப் பொருளைக் கொள்ளும் தத்துவத்தில், அக்கருவியைத் துருவேறவும் உதிரவும் விடுவது தத்துவத்தோடே பொருந்தாத செயலாகும்.

இத்தத்துவத்துக்குச் செயல்வடிவம் தந்தவர் அப்பர் எனப்படும் ஏழாம் நூற்றாண்டுத் திருநாவுக்கரசர். தமிழகத்துச் சிவாலயங்களில் அவருடைய திருமேனியை எளிதில் அடையாளம் காட்டுவது தோளில் சார்த்திய உழவாரம் என்னும் புல்செதுக்கும் கருவி. அவர் கோயில் கட்டியவராக அறியப்படவில்லை; இருந்த கோயில்களில் புல்லையும் முள்ளையும் செதுக்கி எடுத்தவராகவே அறியப்படுகிறார். திருப்புகலூரில் அவர் உழவாரம் செய்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியதாகவும், பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் பெரியபுராணம் கூறும். பொருளைக் காக்கும் பணியில் இருப்பவர் பொருளின் விலையில் கண்வைக்கலாகாது என்ற தொழிலறம் இக்கதைக்குள் இருக்கிறது. சிலைக் கடத்தலின் வரலாற்றைப் படித்தவர்க்கு இது வெறும் புராணமாகத் தோன்றாது. குடமுழுக்கு பேரரசர்களும் பெருங்கொடையாளரும் செய்விப்பது, கல்வெட்டில் பெயர் பொறிப்பது. உழவாரம் ஆண்டு முழுவதும் நடப்பது, எங்கும் பொறிக்கப்படாதது. இரண்டும் சைவ மரபின் இரு கைகள் என்றாலும், பேணுநரின் குலமுதல்வர் அரசரல்லர், அப்பரே. விமானத்தின் செங்கல் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றை நான்கு இலை விட்ட நிலையிலேயே பிடுங்கியிருந்தால் தப்பியிருக்கக்கூடிய கோபுரங்கள் படுகையில் எத்தனையோ உண்டு. கன்று மரமாகி, வேர் சுதையைப் பிளந்த பிறகு, பல இலட்சத்தில் திருப்பணிக் குழு அமைப்பதே வழக்கமாகிவிட்டது.

பேணுவதென்று முடிவு செய்த பின்னும் எதைப் பேணுவது என்ற கேள்வி எஞ்சும். இதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிட இக்கட்டான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1010-இல் முதலாம் இராசராசனால் நிறைவு செய்யப்பட்ட அவ்விமானத்தின் கருவறையைச் சுற்றி, இரு பெருஞ்சுவர்களுக்கு இடையே இருண்ட நடையொன்று செல்கிறது. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்களே இருப்பதாகக் கருதப்பட்டுவந்த நிலையில், மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன், அச்சோழர் ஓவியங்கள் ஈரம் உலராத சுண்ணப் பூச்சின் மீது தீட்டப்பட்டவை என்று ஆராய்ந்து காட்டினார். இம்முறையில், பூச்சு உலரும்போது சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. நிறப்பொடி அக்கல்லுக்குள்ளேயே சிறைப்படுகிறது. சுந்தரர் வரலாறும், முப்புரம் எரிக்கப் புறப்படும் சிவனின் தேரும் ஆயிரம் ஆண்டு நிலைத்ததற்கு இதுவே காரணம். ஈரம் போவதற்குள் கோட்டை இழுத்து முடிக்க வேண்டியிருந்ததால், அக்கோடுகளில் தயங்கிய கையின் தடத்தைக் காண முடிவதில்லை.

சோழர் ஓவியத்தைக் காண வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை நீக்கியாக வேண்டும். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் அதனைத் தீட்டியவர்கள் தாங்கள் ஒன்றை அழிப்பதாக எண்ணியிருக்க மாட்டார்கள். பழுதுற்ற சுவரைப் புதுப்பித்து இறைவனுக்கு அணி செய்ததாகவே எண்ணியிருப்பார்கள். அவர்கள் பூசிய சுண்ணமே புகையிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் சோழர் கோடுகளை மறைத்துக் காத்தது என்றுகூடச் சொல்லலாம். பழையது மேலானது, இடைக்காலத்தது களையத்தக்கது என்ற மதிப்பீடு வரலாற்றுத் துறையிலிருந்து வந்ததேயன்றிச் சைவத்திலிருந்து வந்ததன்று. பக்தனின் கணக்கில் சோழன் தீட்டுவித்த சிவனும் நாயக்கன் தீட்டுவித்த சிவனும் ஒருவரே. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு இறுதியில் கண்ட வழி, மேற்பூச்சை ஓவியத்தோடு தாளாக உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகையில் பொருத்துவது. இவ்வாறு 16 நாயக்கர் ஓவியங்கள் பிரிக்கப்பட்டுத் தனியிடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தொழில்நுட்ப அளவில் இது அரிய சாதனை. ஆயினும் சுவரிலிருந்து பிரிந்த ஓவியம் வலம்வருவோரின் பாதையிலிருந்தும் பிரிந்துவிட்டது. வழிபாட்டுச் சுற்றிலிருந்து காட்சிக்கூடத்துக்கு அது இடம் மாறியபோது கலாகர்ஷணம் எதுவும் நடைபெறவில்லை. இரண்டையும் காப்பாற்றிய முடிவு என்று இதனைப் பாராட்டலாம், பாராட்டவும் வேண்டும். இழப்பில்லாத முடிவு என்று சொன்னால் மட்டும் அது உண்மையாகாது.

செப்புத் திருமேனிகளில் இச்சிக்கல் வேறு முகம் கொள்கிறது. விழாக்காலத்தில் வீதியுலா வரும் திருமேனிகள் பாலும் தயிரும் சந்தனமும் கொண்டு திருமுழுக்காட்டப்படுகின்றன. புளியும் திருநீறும் இட்டுத் தேய்த்துத் துலக்கப்படுகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் இது தொடரும்போது, மூக்கின் நுனி மழுங்கி, உதடு கரைந்து, ஆடையின் கீற்றுகள் மறைந்து, முகம் ஆற்றுக் கூழாங்கல்லைப் போல் வழவழப்பாகிறது. தேய்ந்த கண்களைச் சிற்றுளியால் மீண்டும் கீறித் திறந்த திருமேனிகளும் உண்டு. மண்ணுக்குள் இருந்து கிடைத்த திருமேனிகளோ, படையெடுப்புக் காலங்களில் அச்சத்தால் புதைக்கப்பட்டவை. வார்த்த நாளின் கூர்மை அவற்றில் அப்படியே நிற்க, மேலே பச்சையும் செம்மையுமாகக் களிம்பு படர்ந்திருக்கிறது. திருவெண்காட்டில் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் ரிஷபவாகன தேவர், 1011-ஐச் சேர்ந்தவர், அத்தகையவர். காளையின் மீது கையூன்றிய பாவனையில், காளை இல்லாமலேயே நிற்கும் அவ்வுருவின் முழங்கை வளைவையும் பாம்புகளைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகையின் மடிப்புகளையும் இன்றும் விரல்விட்டு எண்ணலாம் என்றால், தொடர்ந்து பூசை நடக்காமற் போனதே அதற்குக் காரணம்.

ஆக, அருங்காட்சியகத்தார் தேய்மானத்தைச் சேதம் என்கின்றனர், களிம்பை வரலாறு என்கின்றனர். கோயிலார் களிம்பைக் கவனிப்பின்மை என்கின்றனர், தேய்மானத்தைப் பணிவிடையின் பயன் என்கின்றனர். இரு தரப்பும் தத்தம் நிலையில் சரியே. இதில் பேணுநர் இரு கட்சிக்கும் தலையாட்டாமல், களிம்பிலும் இரு வகை உண்டு என்று பிரித்துக் காட்ட வேண்டியவர். படுகையின் ஈர மண்ணிலுள்ள உப்பு, செம்போடு கூடிக் குளோரைடாகத் திருமேனிக்குள் தங்கிவிடும். வெளியே எடுத்துக் காற்றும் ஈரமும் பட்டதும் அது மீண்டும் உயிர்பெற்று, வெளிர்பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாய் வெடித்து உலோகத்தை அரிக்கும். இது நோய், இதனை நிறுத்தியாக வேண்டும். அடர்ந்து இறுகிய பசுங்கருமைப் படலமோ உலோகத்துக்குக் கவசம். 1930-இல் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கிய வேதியியல் ஆய்வகம், திருமேனியைக் காரக் கரைசலில் இறக்கி மின்சாரம் செலுத்திக் களிம்பை நீக்கும் முறையால் பல உருவங்களை அழிவிலிருந்து மீட்டது. பின்வந்த தலைமுறை அம்முறையைத் தயங்கித் தயங்கியே கையாள்கிறது; நோயோடு கவசமும் போய்விடுகிறது என்பதே காரணம்.

கவசத்தோடு சாட்சியமும் போய்விடும் என்பதைப் பத்தூர் நடராசர் வழக்கு காட்டியது. இன்றைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலருகே 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி, கைமாறி இலண்டன் சென்று, மதிப்பீட்டுக்கும் பேணுதலுக்குமாகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தபோது போலீசாரால் கைப்பற்றப்பட்டது. வழக்கில், அதன் மேல் படிந்திருந்த மண்ணும் கறையான் தடமும்கூட, பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டன. யாரேனும் ஆர்வ மிகுதியால் புளியிட்டுத் துலக்கியிருந்தால் இறைவன் தன் ஊரை நிறுவும் வழிகளில் ஒன்று அடைபட்டிருக்கும். பாழடைந்து கிடந்த கோயிலும் வழக்காடும் உரிமையுடைய சட்ட ஆளே என்பதை 1988-இல் உயர்நீதிமன்றமும் 1991-இல் மேல்முறையீட்டு மன்றமும் ஏற்றன. வழிபாடு நின்ற இடத்திலும் நிறுவியவரின் அறநோக்கம் நின்றுவிடுவதில்லை என்று ஆங்கிலேய நீதிபதி கண்ட முடிவு, சைவ ஆசாரியர் எவரும் மறுக்காத கருத்து.

சிவபுரம் நடராசரின் கதை பேணுநருக்கு வேறொரு பாடம். கும்பகோணம் அருகே 1951-இல் கிடைத்த அத்திருமேனி, செப்பனிடக் கொடுக்கப்பட்ட இடத்தில் மாற்றப்பட்டு, அதன் அச்சில் வார்த்த போலி கோயிலுக்குத் திரும்பியது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பேரட் 1960-களில் எழுதும்வரை வெளியுலகம் அதனை அறியவில்லை. 1973-இல் மூலத்தை வாங்கிய அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்திடமிருந்து, உடன்படிக்கையின்படி 1986-இல்தான் அது இந்தியாவுக்கு மீண்டது. அத்தனை ஆண்டுகளும் ஊரார் தொழுதது யாரை? முறைப்படி ஆற்றல் ஏற்றப்பட்ட உருவம் நேற்று வார்த்ததாயினும் தெய்வமே என்பது ஆகமத்தின் விடை. தொழுதவரின் தொழுகையில் குறையொன்றும் இல்லை. மாற்றியவர் இறைவனை ஏமாற்றவில்லை, ஏமாற்ற முடியாது. அவர் ஏமாற்றியது ஊராரையும் வரலாற்றையும். மெய்ப்பித்தல் என்பது தெய்வத்தின் தேவையன்று, மனிதரின் தேவை என்ற தெளிவு பேணுநருக்கு இருந்தால், தம் பணியைப் பூசையின் மாற்றாகக் கருதும் செருக்கும் வராது, பூசை இருக்கும்போது தாம் எதற்கு என்ற தாழ்வும் வராது. திருமேனியின் எடை, அளவு, உலோகக் கலவை, ஒவ்வொரு கீறலின் ஒளிப்படம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றாமல் அதனைச் செப்பனிட வெளியே அனுப்பலாகாது என்பது இக்கதையிலிருந்து பிறக்கும் நடைமுறை.

இப்பணிக்கு வருவோர் இன்று எங்கே கற்கிறார்கள் என்று பார்த்தால், பிளவு அங்கேயே தொடங்குவது தெரியும். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியிலும் சுவாமிமலையின் வார்ப்புப் பட்டறைகளிலும் புதிதாய்ப் படைக்கக் கற்பிக்கிறார்கள். இலக்னோவிலுள்ள தேசிய மரபுச்செல்வப் பாதுகாப்பு ஆய்வகமும் தில்லியின் தேசிய அருங்காட்சியகத்தோடு இயங்கிய கல்வி நிறுவனமும் உள்ளதைக் காக்கக் கற்பிக்கின்றன. முன்னவருக்கு வேதியியல் தெரிவதில்லை, பின்னவருக்கு ஆகமம் தெரிவதில்லை. தஞ்சையில் 1981-இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடி, கல்வெட்டு, சிற்பம் ஆகிய துறைகள் அருகருகே இருப்பதால், இவ்விரு கல்வியும் ஒரே கூரையின் கீழ் கூடுவதற்குப் பொருத்தமான இடம் அதுவே. பட்டம் பெற்றவருக்கும் நிலையான பணியிடம் அரிது. ஒப்பந்த வேலையாக ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு நகரும் வாழ்க்கைதான் பெரும்பாலோர்க்கு வாய்க்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் நாள் மரபுச் சின்னங்களின் பாதுகாப்புக்காக 75 வழிகாட்டல்களைப் பிறப்பித்தது. அவை முழுமையாக நடைமுறைக்கு வருமாயின், இத்தகையோர்க்கான தேவை கூடும்.

தேவை எத்தகையது என்பதைத் திருப்பணி நாள்காட்டியே சொல்லும். குடமுழுக்குக்கு நல்ல நாள் குறித்து அழைப்பிதழ் அச்சாகிவிட்டால், வேலை அந்நாளுக்குள் முடிந்தாக வேண்டும். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசும் பழங்கலவை, காற்றை மெல்ல மெல்ல உள்வாங்கி மாதக்கணக்கில் இறுகுவது; சிமென்ட் ஓரிரு நாளில் இறுகிவிடும். ஆகவே சிமென்ட் வருகிறது. அது சுண்ணச் சுவரின் மூச்சை அடைத்து, உள்ளே ஏறிய ஈரத்தை வெளியேற விடாமல் தடுக்க, உப்பு உள்ளிருந்தே செங்கல்லைப் பொடியாக்குகிறது. பல நூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கை ஒரே நாளில் அகற்ற அழுத்தக் காற்றில் மணலை வீசியடித்ததால், கருங்கல்லின் தோலோடு கல்வெட்டு எழுத்தும் மழுங்கிய கோயில்கள் பல. இவற்றில் எதையும் ஆகமம் கேட்கவில்லை. ஆகமம் கேட்பது நல்ல நாளை; அந்த நாளைச் சுண்ணாம்பு இறுகும் காலத்தையும் எண்ணிக் குறிக்கச் சொல்லும் ஆள் திருப்பணிக் குழுவில் இல்லாததே குறை. பாலாலயம் செய்த நாளுக்கும் குடமுழுக்கு நாளுக்கும் இடையில் இவ்வளவு காலம் வேண்டும் என்று துணிந்து சொல்வதுதான், இப்பகுதியில் பேணுநர் ஆற்றக்கூடிய மிகப் பெரிய சமயப் பணியாக இருக்கக்கூடும்.

சடங்கு பொருளின் இயல்புக்கு இடம்கொடுக்காது என்று கருதுவோர் தஞ்சைக்குக் கிழக்கே சிறிது தொலைவிலுள்ள புன்னைநல்லூரைக் காண வேண்டும். அங்கே மூலவராகிய மாரியம்மன் புற்றுமண்ணால் அமைந்தவள். மண் நீரில் கரையும் என்பதால் அவளுக்குத் திருமுழுக்கு இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரு மண்டலக் காலம், நறுமணத் தைலக்காப்பே சாத்தப்படுகிறது. அந்நாள்களில் வெண்திரையில் வரைந்த உருவத்துக்கு வழிபாடு நடக்கிறது. திருமுழுக்கு உற்சவ மூர்த்திக்கு உரியது. பொருள் இன்னதென்று அறிந்து, அதற்கு ஊறு நேராத உபசாரத்தைத் தேர்ந்து, பக்தருக்கும் குறைவைக்காத ஏற்பாடு இது.

வெளிநாட்டிலிருந்து மீண்டனவும் பாதுகாப்புக்காகத் திரட்டப்பட்டனவுமான செப்புத் திருமேனிகள் பல, திருவாரூரிலுள்ள சிலைப் பாதுகாப்பு மையத்தில் பூட்டுக்குள் இருக்கின்றன. விழா நாள்களில் அவற்றுள் சில போலீஸ் காவலோடு சொந்த ஊருக்குச் சென்று, திருமுழுக்கும் உலாவும் கண்டு திரும்புவதுண்டு. களிம்பு நோய் உள்ளடங்கிய ஓர் உருவத்துக்குத் தயிரும் எலுமிச்சைச் சாறும் ஏற்குமா, அவற்றின் புளிப்பும் ஈரமும் இடுக்குகளில் தங்கிய நிலையில் பெட்டிக்குள் மூடலாமா, நீராட்டை நிலைக்கண்ணாடியில் தெரியும் உருவுக்குச் செய்து, திருமேனிக்கு அலங்காரம் மட்டும் போதுமென்று கொள்ளலாமா என்பன அந்தந்த ஊரின் சிவாசாரியரிடம் கேட்கப்பட வேண்டியவை. மண்ணுருவுக்கு அளித்த விலக்கை நோயுற்ற செம்புக்கும் நீட்டிக்கலாமா என்று தீர்ப்பளிக்கும் உரிமை அவர்களுடையது. எந்தச் செம்பு நோயுற்றிருக்கிறது என்று விழாவுக்கு முன் எழுத்தில் தரும் கடமை பேணுநருடையது.